மூச்சுவிட இடமில்லாத சாய்தளம்: டூயிஸ்பர்க் லவ் பரேட் 2010

2010 ஜூலை 24, சனிக்கிழமை. ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் லவ் பரேட் என்ற இசைத் திருவிழா. பாட்டுக் கேட்டு ஆடிப் பாட வந்தவர்களில் 21 பேர் இறந்துபோனார்கள். 650 பேருக்கு மேல் காயம். இறந்தவர்களில் ஜெர்மானியர்களோடு நெதர்லாந்து, இத்தாலி, ஸ்பெயின், சீனா, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். மிகச் சிறியவருக்கு 17 வயது.

மறுநாள் எங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிச் செய்திதான். கூட்டம் பீதியடைந்தது, ஓடியது, மிதிபட்டுச் செத்தார்கள். தமிழிலும் இந்த மாதிரிச் செய்திக்கு ஒரு வாக்கியம் தயாராகவே இருக்கிறது: 'தள்ளுமுள்ளு ஏற்பட்டது, நெரிசலில் சிக்கி மிதிபட்டு இறந்தனர்.' எத்தனை முறை படித்திருப்போம்! டூயிஸ்பர்க்கில் நடந்தது அது இல்லை. யாரும் ஓடவில்லை, ஓடுவதற்கு ஒரு அடி இடம்கூட அங்கே கிடையாது. 21 பேரும் மார்பு அழுந்தி மூச்சடைத்து இறந்தார்கள் என்றுதான் விசாரணையில் தெரியவந்தது.

வார்த்தையில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நிறைய இருக்கிறது. 'மிதிபட்டு' என்று எழுதிவிட்டால் கேள்வி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிவிடும்: ஏன் தள்ளினீர்கள், ஏன் பொறுமையில்லை? 'மூச்சுவிட இடமில்லாமல்' என்று எழுதினால் வேறொரு கேள்வி வரும்: அந்த இடத்தை அளந்து, இத்தனை பேர் வரலாம் என்று கையெழுத்துப் போட்டது யார்? இந்த இரண்டாவது கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் இந்த நிகழ்வைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பூங்காவிலிருந்து வேலிக்குள்

லவ் பரேட் பிறந்தது 1989-ல், மேற்கு பெர்லினில். பெர்லின் சுவர் விழ இன்னும் சில மாதங்கள் இருந்தன. சுமார் 150 பேர் வண்டியில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு டெக்னோ இசைக்கு ஆடியபடி தெருவில் போனார்கள், அவ்வளவுதான். பத்து வருடத்தில் அதுவே பத்து லட்சத்துக்கும் மேல் ஆட்கள் கூடுவதாகச் சொல்லப்பட்ட விழாவாகிவிட்டது. நுழைவுக் கட்டணம் கிடையாது. டிஜேக்கள் ஏறிய பெரிய லாரிகள் மெல்ல ஊர்ந்து போகும், கூட்டம் அவற்றின் பின்னால் ஆடிக்கொண்டே போகும்.

பெர்லினில் இது நடந்த இடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நேரான அகலச் சாலை, அதன் இருபுறமும் டியர்கார்டன் பூங்கா. கூட்டம் மிஞ்சினால் மரங்களுக்கு நடுவே வழிந்துவிடும். யாரும் உட்கார்ந்து கணக்குப் போடாமலே அந்த இடம் வருடாவருடம் அத்தனை பேரையும் காப்பாற்றிக்கொண்டிருந்தது. விழாவை நடத்தியவர்களுக்கு இது ஒரு பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் நல்லபடியாக நடந்து முடிந்த விழாவைப் பார்த்து 'ஏன் நல்லபடியாக நடந்தது' என்று யார் கேட்கிறார்கள்?

அப்புறம் விழா கை மாறியது. மெக்ஃபிட் என்ற உடற்பயிற்சிக்கூடச் சங்கிலியின் உரிமையாளர் ரைனர் ஷாலர் அதை எடுத்து நடத்தினார். அதற்கான நிறுவனத்தின் பெயர் லோபவென்ட். 2007-ல் விழா பெர்லினை விட்டு ரூர் தொழில் பகுதிக்குப் போனது. அந்த வருடம் எசன் நகரம், 2008-ல் டார்ட்மண்ட். 2009-ல் போஹும் நடத்த வேண்டும். இவ்வளவு கூட்டத்தை எங்கள் ஊரும் ரயில் நிலையமும் தாங்காது என்று போஹும் கையை விரித்துவிட்டது. அந்த வருடம் விழாவே இல்லை. போஹுமுக்கு ஏளனம்தான் கிடைத்தது. இந்த முழுக் கதையிலும் சரியான முடிவை எடுத்த ஊர் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அடுத்த முறை டூயிஸ்பர்க்குக்கு. 2010-ல் ரூர் பகுதி ஐரோப்பாவின் கலாசாரத் தலைநகராக அறிவிக்கப்பட்டிருந்தது. உலகம் பார்க்கிற வருடத்தில் 'முடியாது' என்று சொல்ல எந்த ஊருக்கு மனம் வரும்? பாதுகாப்பைக் காரணம் காட்டித் தயங்கிய காவல்துறைத் தலைவரை மாற்றச் சொல்லி ஓர் அரசியல்வாதி மாநில உள்துறை அமைச்சருக்குக் கடிதமே எழுதினார். அது 2009-ல், விழாவுக்கு ஒரு வருடத்துக்கும் முன்பு. தயங்குகிறவருக்கு என்ன நடக்கும் என்று அப்போதே எல்லாருக்கும் புரிந்திருக்கும்.

இடம்

டூயிஸ்பர்க்கில் தேர்ந்தெடுத்தது கைவிடப்பட்ட பழைய சரக்கு ரயில் முனையம். ஒரு பக்கம் ரயில் தடங்கள், மறுபக்கம் ஏ59 நெடுஞ்சாலை. சுற்றிலும் வேலி. லவ் பரேட் வரலாற்றில் முதல்முறையாக விழா நாலு பக்கமும் அடைத்த ஓர் இடத்துக்குள் நடக்கப்போகிறது. ஒரே நேரத்தில் இரண்டரை லட்சம் பேர் உள்ளே இருக்கலாம் என்று அனுமதி. அந்த அனுமதியும் விழாவுக்குச் சில நாட்கள் முன்புதான் கைக்கு வந்தது.

உள்ளே போகும் வழியை நடந்து போவதுபோல நினைத்துக்கொள்ளுங்கள். ரயில் தடங்களுக்கு அடியில் கார்ல் லேர் தெரு என்ற சாலை சுரங்கப்பாதையாகப் போகிறது. மேற்கிலிருந்து ஒரு கூட்டம் இந்தச் சுரங்கத்துக்குள் வரும், கிழக்கிலிருந்து இன்னொரு கூட்டம் எதிர்த்திசையில் வரும். நடுவில் இரண்டும் சந்திக்கும். சந்தித்த இடத்தில் பக்கவாட்டில் திரும்பி ஒரு சாய்தளத்தில் ஏறினால் மேலே மைதானம். சாய்தளத்தின் இருபுறமும் உயரமான சுவர். வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் இதே சாய்தளத்தில் இறங்கி, இதே சுரங்கத்தின் வழியாகத்தான் போக வேண்டும்.

வருகிறவர்களுக்கும் போகிறவர்களுக்கும் ஒரே வழி. வரைபடத்தில் இதைப் பார்க்கிற எவருக்கும் ஒரு நொடி நெஞ்சு பதற வேண்டும்.

பதறாதவர்களுக்குக் கணக்கு இருக்கிறது. சாய்தளத்தின் அகலம் சுமார் 26 மீட்டர். ஆனால் அன்றைக்குப் போட்டிருந்த வேலிகளால் மிகக் குறுகலான இடத்தில் 10.59 மீட்டர்தான் மிஞ்சியது. கூட்டம் சீராக ஒரே திசையில் நகரும்போது ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு அதிகபட்சம் 82 பேர் கடக்கலாம் என்பது இந்தத் துறையில் புழங்கும் அளவு. 10.59-ஐ 82-ஆல் பெருக்கி, 60-ஆல் பெருக்கினால் மணிக்குச் சுமார் 52,000 பேர். இதுதான் அந்த இடத்தின் உச்சவரம்பு. எதிரும் புதிருமாக நடந்தால் அதுவும் குறையும்.

ஏற்பாட்டாளர்கள் எதிர்பார்த்தது எவ்வளவு? மாலை 5 மணியிலிருந்து 6 மணிக்குள் 90,000 பேர் உள்ளே வருவார்கள், 55,000 பேர் வெளியே போவார்கள். இரண்டையும் கூட்டினால் 1,45,000. வழி தாங்குவதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. இங்கே மறைந்து கிடந்த எண் எதுவும் கிடையாது. எதிர்பார்ப்பு ஏற்பாட்டாளர்களின் சொந்தக் காகிதத்தில் இருந்தது, அகலத்தை அளக்க ஒரு டேப் போதும். பிற்பாடு அரசு வழக்கறிஞர்களுக்காக அறிக்கை தந்த கூட்டப் பாதுகாப்பு நிபுணர் கீத் ஸ்டில் போட்டதும் இதே பெருக்கல்தான். விழாவுக்கு முன்பே யாராவது இதைப் போட்டு, மேசையைத் தட்டிப் பேசியிருக்க வேண்டும். இந்த வழக்கைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அடங்காத கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

இன்னொரு சிக்கல் சாய்தளத்தின் மேல்முனையில். அங்கேதான் லாரிகள் சுற்றி வந்தன. மேலே ஏறி வருகிறவர்களை லாரிகள் தம் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விடும், அதனால் வாசல் தானாகவே காலியாகிக்கொண்டே இருக்கும் என்பது திட்டம். மணிக்கணக்கில் காத்திருந்து, இருட்டுச் சுரங்கத்தைக் கடந்து, மேலே வந்ததும் முதல் லாரியைக் கண்ணால் பார்க்கிற ரசிகர் என்ன செய்வார்? அங்கேயே நின்று ஆடுவார். அப்படித்தான் நின்றார்கள். மேல்முனை அடைத்துக்கொண்டது.

அந்த மாலை

காலை 11 மணிக்குத் திறக்க வேண்டிய மைதானம் 12 மணி தாண்டித்தான் திறந்தது. தரையைச் சமன்படுத்தும் வண்டிகள் அதுவரை உள்ளே ஓடிக்கொண்டிருந்தன. அந்த ஒரு மணி நேரத்தில் வெளியே சேர்ந்த கூட்டம் நாள் முழுக்க வாசலில் கரையவே இல்லை. பிற்பகல் ஏற ஏற மேல்முனையில் ஆட்கள் தேங்கினார்கள், சாய்தளத்தில் வரிசை நின்றது, சுரங்கத்துக்குள் பின்னாலிருந்து வந்துகொண்டே இருந்தார்கள்.

4 மணிக்குச் சற்று முன்பு காவலர்கள் கைகோத்து நின்று வழியை மறிக்கத் தொடங்கினார்கள். சுரங்கத்தின் மேற்குப் பக்கம் ஒரு சங்கிலி, கிழக்குப் பக்கம் ஒரு சங்கிலி, சாய்தளத்தின் நடுவில் மூன்றாவது. மேலே நெரிசல் குறையும்வரை கீழே நிறுத்திவைக்கலாம் என்ற எண்ணம். எண்ணத்தில் தவறில்லை. ஆனால் நிறுத்திவைக்கப்பட்டவர்கள் காத்திருக்க இடம் எங்கே? சுரங்கத்தில் இருந்த சங்கிலிகள் அழுத்தம் தாங்காமல் விட்டுப்போயின. உள்ளே அடைபட்டிருந்த கூட்டம் நேராகச் சாய்தளத்தின் அடிக்கு வந்தது. அதே நேரம் வீட்டுக்குப் போக மேலிருந்து இறங்கியவர்கள் மூன்றாவது சங்கிலியின் மறுபுறம் குவிந்திருந்தார்கள். 4.20 மணியைத் தாண்டி அந்தச் சங்கிலியும் கலைந்தபோது, ஏறும் கூட்டமும் இறங்கும் கூட்டமும் முகத்தோடு முகம் முட்டி நின்றுவிட்டன. அதற்குப் பிறகு முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது.

சாய்தளத்தின் மேற்குச் சுவரை ஒட்டி ஒரு சின்னப் படிக்கட்டு இருந்தது. ஒருவர் பின் ஒருவராக ஏறுகிற அளவுக்கான குறுகலான படிகள். திட்டத்தில் அது வழியே கிடையாது, வேலியால் மறைத்திருந்தார்கள். யாரோ ஒருவர் வேலியைத் தாண்டி அதில் ஏறினார். இன்னொருவர் ஏறினார். தூரத்தில் நெருக்குண்டு நின்றவர்களுக்கு அந்தக் காட்சி எப்படித் தெரிந்திருக்கும்? இத்தனை தலைகளுக்கு நடுவே மேலே நகர்கிற ஒரே இடம் அது. வழி இருக்கிறது! ஆயிரக்கணக்கானவர்களின் உடம்பு, அவர்களே அறியாமல், அந்தத் திசையில் அரை அடி சாய்ந்தது. அந்த அரை அடிகள் எல்லாம் சேர்ந்து படிக்கட்டின் காலடியில் நின்றவர்கள் மேல் விழுந்தன.

தரையிலும் பொறி இருந்தது. சேதமான ஒரு வடிகால் மூடியை வேலித் தட்டி ஒன்றைக் கிடத்தி மூடியிருந்தார்கள். கால் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்க்க முடியாத கூட்டத்தில் ஒரு கால் இடறினால் போதும். ஒருவர் சாய, அவரைத் தாங்கி நின்ற அழுத்தம் விலக, பக்கத்தில் நின்றவர் அவர் மேல் விழ, அவர் மேல் இன்னொருவர். கை கால்களைப் பிரித்தெடுக்க முடியாத குவியலாகிவிட்டது. சிலர் விளக்குக் கம்பத்தில் ஏறினார்கள், சிலர் அங்கிருந்த கன்டெய்னரின் மேல். சுவருக்கு மேலே நின்றவர்கள் குப்புறப் படுத்துக் கைநீட்டி, முன்பின் தெரியாதவர்களை இழுத்துத் தூக்கினார்கள். அன்றைய காட்சிகளைப் பார்த்தால் கூட்டம் மிருகமாகிவிட்டது என்ற பேச்சு எவ்வளவு பொய் என்று தெரியும். ஒருவரை ஒருவர் காப்பாற்றத்தான் அத்தனை பேரும் முயன்றிருக்கிறார்கள்.

செய்திகள் இதைச் 'சுரங்கப்பாதைச் சோகம்' என்று எழுதின. இறப்புகள் சுரங்கத்துக்குள் நடக்கவில்லை. திறந்த வானத்தின் கீழ், சாய்தளத்தில், அந்தப் படிக்கட்டுக்குப் பக்கத்தில்தான் நடந்தன. மேலே மைதானத்தில் இசை ஓடிக்கொண்டிருந்தது. செய்தி தெரிந்த பிறகும் விழாவைச் சட்டென்று நிறுத்தவில்லை. இதைக் கொடூரம் என்று பலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த நேரத்தில் நிறுத்தியிருந்தால் உள்ளே இருந்த மொத்தக் கூட்டமும் அதே வழியைத் தேடித்தான் வந்திருக்கும்.

உடம்புக்கு என்ன ஆகிறது

'எள் போட்டால் எள் விழாத கூட்டம்' என்று பெருமையாகச் சொல்வோம். 'மக்கள் வெள்ளம்' என்போம். இரண்டும் உவமை என்று நினைத்துத்தான் சொல்கிறோம். ஒரு சதுர மீட்டரில் நாலைந்து பேர் நிற்கிறவரை ஒவ்வொருவருக்கும் தன் கால் தன் சொல் கேட்கும். சுமார் ஏழு பேரானால் கூட்டம் உண்மையிலேயே திரவம்போல ஆகிவிடுகிறது என்று அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஃப்ரூயின் பல வருடங்களுக்கு முன்பே எழுதினார். எங்கோ ஏற்பட்ட ஓர் உந்துதல் அலையாகப் பரவி, ஆட்களைத் தரையிலிருந்து தூக்கிச் சில மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைக்கும். செருப்பு கழன்றுவிடும், உடை கிழியும். இப்படிப்பட்ட சம்பவங்களுக்குப் பிறகு இரும்புக் கைப்பிடிகள் வளைந்து கிடந்ததை வைத்து, 450 கிலோவுக்கு மேல் எடை வைத்து அழுத்தியதற்குச் சமமான விசை இருந்திருக்க வேண்டும் என்று அவர் சொல்கிறார்.

மூச்சு இழுக்க வேண்டும் என்றால் விலா எலும்புகள் விரிய வேண்டும். முன்னாலும் பின்னாலும் சுவர்போல அழுத்தினால் அவை விரியாது. சுற்றிலும் காற்று இருக்கிறது, வாயும் மூக்கும் திறந்திருக்கின்றன, ஆனாலும் மூச்சு உள்ளே போகாது. முதலில் பேச்சு நின்றுபோகும். பிறகு நினைவு தப்பும், உயிருக்கு மிஞ்சுவது சில நிமிடங்கள்தான். இந்தச் சாவில் சத்தம் இல்லை. கத்துவதற்குத்தான் மூச்சு வேண்டுமே. அதனால்தான் பத்தடி பின்னால் நிற்கிறவருக்குக்கூட முன்னால் ஒருவர் இறந்துகொண்டிருப்பது தெரியாது. பின்னால் வருகிறவர்கள் மனதில் பயமும் கிடையாது. பாட்டுக் கேட்கப் போகிறோம் என்ற ஆவலில் அரை அடி, அரை அடியாக நகர்ந்து வருகிறார்கள். பீதி என்பது எங்கே?

டூயிஸ்பர்க்கை ஆராய்ந்து டிர்க் ஹெல்பிங்கும் பிரதிக் முகர்ஜியும் 2012-ல் வெளியிட்ட கட்டுரையும் இதையே சொன்னது: கூட்டப் பீதி காரணமில்லை, ஏற்பாட்டின் ஒவ்வோர் அடுக்கிலும் இருந்த சின்னச் சின்னத் தவறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

நிறுத்தச் சொல்ல யார் இருந்தார்கள்

கூட்டத்தோடு பேச வழியில்லை என்பது அந்த அடுக்குகளில் ஒன்று. சாய்தளத்திலும் சுரங்கத்திலும் கூட்டத்துக்கு அறிவிப்புச் செய்யும் ஒலிபெருக்கி அமைப்பு இல்லை. அத்தனை லாரி ஒலிபெருக்கிகள் முழங்கிய ஓர் ஊரில், 'தயவுசெய்து நில்லுங்கள், முன்னால் இடமில்லை' என்று சொல்ல ஒரு குழாய் கிடையாது. செல்பேசி இணைப்புகள் திணறின. கேமராக்கள் ஓடின, அவற்றைப் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். ஆனால் பார்த்தவர் ஒருவர், வாசலை மூட வேண்டியவர் இன்னொருவர், அதற்கு ஒப்புதல் தர வேண்டியவர் மூன்றாமவர். நெரிசல் இவர்களுக்காகக் காத்திருக்கவில்லை.

இந்த இடைவெளி டூயிஸ்பர்க்கோடு முடியவில்லை. 2021 நவம்பர் 5 அன்று அமெரிக்காவின் ஹூஸ்டனில் அஸ்ட்ரோவேர்ல்டு விழா. சுமார் 50,000 பேர். ராப் பாடகர் டிராவிஸ் ஸ்காட் மேடையேறிய சில நிமிடங்களிலேயே முன்பகுதியில் ஆட்கள் சரியத் தொடங்கினார்கள். இரவு 9.38-க்குப் பெருமளவு உயிர்ச்சேதம் என்று அதிகாரிகள் அறிவித்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் அரை மணி நேரத்துக்கு மேல் பாட்டு ஓடியது. 10 பேர் இறந்தார்கள், அவர்களில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன். எல்லாருக்கும் அதே காரணம், மார்பு அழுந்தி மூச்சடைப்பு. விழாவுக்கு 56 பக்கப் பாதுகாப்புத் திட்டம் இருந்தது. துப்பாக்கிச் சூடு, வெடிகுண்டு, புயல் எல்லாவற்றுக்கும் வழிமுறை உண்டு, கூட்ட அலைக்கு மட்டும் இல்லை. யாராவது இறந்ததாகத் தெரிந்தால் வாக்கி டாக்கியில் அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது, 'ஸ்மர்ஃப்' என்று சொல்ல வேண்டும் என்று மட்டும் குறித்திருந்தார்கள். செத்தவரை என்ன பெயரில் அழைப்பது என்று யோசித்த அளவுக்கு, சாகாமல் காப்பது பற்றி யோசிக்கவில்லையே என்று அதைப் படித்த அன்று மனசு ஆறவில்லை.

விழாக்கள் வேறு வழிகளிலும் கெட்டுப்போகும். 2011-ல் பெல்ஜியத்தின் புக்கல்பாப் விழாவைச் சட்டென்று வந்த புயல் சாய்த்து 5 பேர் இறந்தார்கள். அதே மாதம் அமெரிக்காவின் இண்டியானாவில் காற்றில் மேடைக் கூரை சரிந்து 7 பேர். 1999 வுட்ஸ்டாக் விழாவில் கொளுத்தும் வெயிலில், தார்த்தளத்தில், தண்ணீர் பாட்டில் 4 டாலர் என்று விற்று, கடைசி இரவு தீயில் முடிந்தது. காரணங்கள் வேறு வேறு. 'இப்போது நிறுத்து' என்று சொல்லும் அதிகாரம் யார் கையில் என்ற கேள்வி மட்டும் எல்லா இடத்திலும் திரும்பத் திரும்ப வருகிறது.

வழக்கு

டூயிஸ்பர்க்கில் 14 லட்சம் பேர் வந்ததாக விழாவை நடத்தியவர்கள் அன்று அறிவித்தார்கள். அந்த எண் விளம்பரத்துக்காக ஊதிப் பெருக்கியது என்று பின்னால் தெரிந்தது. இதுவும் ஒரு தீங்குதான். வருடாவருடம் பொய் எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தால், உண்மையில் எத்தனை பேரை இந்த இடம் தாங்கியது என்பது யாருக்குத் தெரியும்?

மேயர் ஆடோல்ஃப் சாவர்லாண்ட் பதவி விலக மறுத்தார். 2012 பிப்ரவரியில் நகர மக்கள் ஓட்டுப் போட்டு அவரை இறக்கினார்கள். குற்ற வழக்கு இழுத்துக்கொண்டே போனது. கீத் ஸ்டிலின் அறிக்கையில் குறைகள் இருப்பதாகச் சொல்லி 2016-ல் டூயிஸ்பர்க் நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்தது. மேல் நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2017 டிசம்பரில் விசாரணை தொடங்கியது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் பத்துப் பேர்: நகராட்சி ஊழியர்கள் ஆறு பேர், லோபவென்ட் ஊழியர்கள் நாலு பேர். மேயரும் ஷாலரும் சாட்சிகளாக மட்டுமே வந்தார்கள். 2019-ல் ஏழு பேர் மீதான வழக்கு கைவிடப்பட்டது. மீதி மூவர் மீதான வழக்கும் 2020 மே 4 அன்று, 184-வது அமர்வில், தீர்ப்பு இல்லாமலே முடிந்தது. கொரோனா நடுவில் வந்தது, வழக்கை முடிக்கச் சட்டம் தரும் காலவரம்பும் நெருங்கிவிட்டது. பல காரணங்கள் சேர்ந்து நடந்த பேரழிவு, தனித்தனியே பார்த்தால் ஒவ்வொருவரின் குற்றமும் சிறியது என்பது நீதிமன்றத்தின் நிலை.

சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் பத்து வருடம் காத்திருந்து கேட்ட பதில் அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். லவ் பரேட் அதற்குப் பிறகு நடக்கவே இல்லை. சாய்தளத்தில் இன்று நினைவிடம் இருக்கிறது, அந்தப் படிக்கட்டை இடிக்காமல் வைத்திருக்கிறார்கள்.

பிறகு தெரிந்தவை

திருத்திக்கொண்டு தொடர்ந்த விழா ஒன்றும் உண்டு. டென்மார்க்கின் ராஸ்கில்டே விழாவில் 2000 ஜூன் 30 இரவு, மழையில் வழுக்கிய தரையில் மேடைக்கு முன்னால் ஆட்கள் விழத் தொடங்கினார்கள். மேடையில் இருந்த பேர்ல் ஜாம் இசைக்குழுவினர் பாட்டை நிறுத்திவிட்டுக் கூட்டத்தைப் பின்னால் நகரச் சொன்னார்கள். ஆனாலும் அந்த நெரிசல் 9 பேரின் உயிரைப் பறித்தது. அதன்பிறகு மேடைக்கு முன்னால் தனித் தடுப்புகளுக்குள் எண்ணித்தான் ஆட்களை விடுகிறார்கள். முன்வரிசை வேண்டும் என்றால் வரிசையில் நிற்க வேண்டும், நிரம்பிவிட்டால் நிரம்பியதுதான்.

2025-ல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஸ்பெயினின் பாம்ப்லோனா நகரில் சான் ஃபெர்மின் விழா தொடங்கும் சதுக்கத்தை உயரத்திலிருந்து பல வருடங்கள் படம்பிடித்திருக்கிறார்கள். கூட்டத்தின் அடர்த்தி ஓர் அளவைத் தாண்டியதும், நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே உடம்பாகச் சேர்ந்து மெல்ல வட்டமாக அசையத் தொடங்குகிறார்கள். ஒரு சுற்றுக்குச் சுமார் 18 வினாடி. யாரும் தள்ளவில்லை, யாரும் சொல்லவில்லை, தானாக நடக்கிறது. உள்ளே இருப்பவருக்கு அது சுழற்சி என்றே தெரியாது, மேலிருந்து பார்த்தால் தெரியும். டூயிஸ்பர்க் காட்சிகளை எடுத்துப் பார்த்தபோது அங்கேயும் அதே அசைவு. கேமராவை வைத்து இதை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம் என்பது ஆய்வாளர்களின் நம்பிக்கை.

அந்தக் கேமராவுக்காகக் காத்திருக்காமல் நாமே கவனிக்கக்கூடியதும் உண்டு. நாலு பக்கமும் ஆட்கள் உங்கள் மேல் உரசத் தொடங்கி, கையைத் தூக்கி முகத்தைத் தொட முடியவில்லை என்றால் அப்போதே கிளம்பிவிடுங்கள், அடுத்த பாட்டு முடியட்டும் என்று நிற்காதீர்கள். மேடையை நோக்கிப் போகாமல், அலை தணியும் நேரம் பார்த்துச் சாய்வாக ஓரத்துக்கு நகருங்கள். எல்லாரும் பார்க்கிற ஒரே வழிக்கு நீங்களும் போகாதீர்கள். இரண்டு கைகளையும் மடக்கி மார்புக்கு முன்னால் வைத்துக்கொண்டால் விலா விரியக் கொஞ்சம் இடம் மிஞ்சும். கீழே எது விழுந்தாலும், செல்பேசியே ஆனாலும், குனியாதீர்கள். கத்தி மூச்சை வீணாக்காதீர்கள். விழுந்துவிட்டால் ஒருக்களித்துச் சுருண்டு படுத்துத் தலையை மூடிக்கொண்டு, முடிந்த முதல் நொடியில் எழுந்துவிடுங்கள். பக்கத்தில் ஒருவர் சாய்வதைக் கண்டால் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்துங்கள்.